ஆனைமுடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடுமலை வழியாகவும் போடி வழியாகவும் மூணாறுக்குப் போகிற தமிழ்நாட்டுக்காரர்கள் ஏராளம். தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்து, ராஜமலையில் வரையாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பின்னால் மேகத்துக்குள் பாதி மறைந்து நிற்கிற பாறைமலைதான் தென்னிந்தியாவிலேயே உயரமானது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அந்த மலையைப் பற்றி வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஆனைமுடியின் கதையில் பாதிக்கு மேல் மழையின் கதைதான். அதனால் மழையைத் தொட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

ஆனைமுடி எங்கே இருக்கிறது?

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டம். இரவிகுளம் தேசியப் பூங்காவின் தென்பகுதியில், மூணாறு ஊருக்கு வடக்கே இருக்கிறது. ஆனைமலை, பழனிமலை, ஏலமலை ஆகிய மூன்று மலைத்தொடர்களும் வந்து கூடுகிற முடிச்சு இது. அரபிக்கடல் மேற்கே சுமார் 90 கி.மீ. தொலைவில்தான். இந்த 90 கி.மீ. என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மழையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

உயரம் எவ்வளவு? தொட்டபெட்டாவைவிட உயரமா?

2,695 மீட்டர், அதாவது சுமார் 8,842 அடி. தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆக, ஆனைமுடி 58 மீட்டர் கூடுதல். இரண்டாவது இடமும் தொட்டபெட்டாவுக்கு இல்லை. மூணாறுக்குக் கிழக்கே இருக்கும் மீசைப்புலிமலை 2,640 மீட்டர், மூன்று மீட்டரில் முந்திவிடுகிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் உயரமானது எது என்று கேட்டால் மட்டும் தொட்டபெட்டா என்று சொல்லலாம்.

எவரெஸ்ட் எங்கே, 2,695 மீட்டர் எங்கே? இதை உயர்ந்த சிகரம் என்று சொல்வது சரியா?

நியாயமான கேள்வி. இமயமலையில் இந்த உயரத்தில் சாதாரணமாக ஊர்கள் இருக்கின்றன. ஆனால் மலையை அளக்க இன்னும் இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, இதைவிட உயரமான நிலத்தைப் பார்க்க எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது. ஆனைமுடி உச்சியிலிருந்து புறப்பட்டால் இமயமலைக்குத்தான் போயாக வேண்டும். அது 2,100 கி.மீ.க்கு மேல். நடுவில் உள்ள தக்காணம், விந்தியம், சாத்பூரா, கிழக்குத் தொடர்ச்சி மலை எதிலும் இந்த உயரம் கிடையாது.

இன்னொன்று, அப்படிப் போகும்போது எவ்வளவு கீழே இறங்கி ஏற வேண்டும் என்பது. 2,479 மீட்டர் இறங்க வேண்டும். அப்படியென்றால், மலையின் மொத்த உயரத்தில் பெரும்பகுதி அதற்கே சொந்தம், பக்கத்துப் பீடபூமியின் தயவால் வந்த உயரம் இல்லை. தென்னிந்தியாவில் இந்தக் கணக்கிலும் ஆனைமுடிதான் முதலிடம். என்னைக் கேட்டால் 2,695 என்ற எண்ணைவிட இந்த 2,479தான் பெருமைப்பட வேண்டிய எண்.

இது எரிமலையா? எப்படி உருவானது?

எரிமலை இல்லை. உச்சி, மிகப் பழமையான உருமாறிய பாறை. கிரானைட், நைஸ் வகைப் பாறைகள் பல கோடி ஆண்டு அரிப்பில் உருண்டு திரண்டு இந்த வடிவத்துக்கு வந்திருக்கின்றன. யானையின் மத்தகம் போலத் தெரிவதால் இந்தப் பெயர் என்பார்கள். தெற்கே இருந்து பார்த்தால் அது மிகையாகத் தோன்றாது.

கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து, இந்தியத் துணைக்கண்டம் தனியாகப் பிரிந்து வடக்கே நகர்ந்த காலத்தோடு மேற்குத் தொடர்ச்சி மலையின் வரலாறு தொடங்குகிறது. இமயமலை அதற்கு வெகு பின்னால்தான் எழுந்தது. ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் நடுவே சுமார் 30 கி.மீ. அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் விழுந்திருக்கிறது. இந்த இடைவெளியால் இரு பக்கத்து உயிரினங்களும் நெடுங்காலமாகப் பிரிந்தே வளர்ந்திருக்கின்றன. ஒரு பக்கம் காணப்படும் சில தவளைகளும் பறவைகளும் மறுபக்கம் இல்லாததற்கு அது ஒரு காரணம்.

அங்கே எவ்வளவு மழை பெய்யும்?

உயரப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல். பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றில்.

காரணம் எளிமையானது. அரபிக்கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிற காற்றுக்கு முதலில் சமவெளி, அதைத் தாண்டியதும் 90 கி.மீ.க்குள் இரண்டாயிரம் மீட்டர் சுவர். பக்கவாட்டில் ஒதுங்க வழி இல்லாததால் காற்று மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, மழையாகக் கொட்டுகிறது. ஜூலை மாதத்தில் ராஜமலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: அங்கே மழை மேலிருந்து மட்டும் வராது, காற்றோடு பக்கவாட்டிலும் வரும். மழை பெய்யாத நேரத்திலும் மேகமே தரையைத் தடவிக்கொண்டு போவதால் புல்லும் பாசியும் அதிலிருந்தே நீரைப் பிடித்துக்கொள்கின்றன.

அப்புறம் அந்தக் காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்குகிறது. ஈரத்தை இழந்துவிட்ட காற்று, இறங்கும்போது சூடாகிறது. அதனால் மறையூர் தாண்டிச் சின்னாறு போய்ச் சேர்ந்தால் வேறு நாட்டுக்கு வந்தது போல இருக்கும். முள்மரங்கள், கள்ளி, காய்ந்த புதர். சின்னாறு சரணாலயத்தில் ஆண்டு மழை 500 மி.மீ. அளவுதான், அதுவும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில். ஆனைமுடிக்கும் சின்னாறு சோதனைச் சாவடிக்கும் நேர்க்கோட்டில் 30 கி.மீ.க்கும் குறைவு. உடுமலையிலிருந்து மூணாறுக்குப் பேருந்தில் போகிறவர்கள் தூங்காமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் போதும். முட்காடு, மறையூர்ச் சந்தன மரங்கள், கரும்புத் தோட்டம், தேயிலை, மேகம் என்று மழையளவு கூடிக்கொண்டே போவதைச் சில மணி நேரத்தில் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அந்த மழைநீர் எல்லாம் எங்கே போகிறது?

இரண்டு கடலுக்கும் போகிறது. இது பலருக்கு வியப்பாக இருக்கும்.

மேற்கிலும் தெற்கிலும் இறங்கும் நீர் பெரியாற்றின் கிளைகளில் சேர்ந்து, ஆலுவா வழியாக அரபிக்கடலை அடைகிறது. மூணாறில் கூடுகிற முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகளின் நீரும் இந்த வழிதான். முதிரப்புழையின் நீரைக் கொண்டு 1940இல் பள்ளிவாசலில் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது.

கிழக்கே இறங்கும் நீர் பாம்பாறு ஆகிறது. இரவிகுளம் மேட்டுநிலத்தின் ஓடைகளும் அதில் சேர்கின்றன. மறையூர்ப் பள்ளத்தாக்கு வழியாகப் போய், சின்னாறு காட்டுக்குள் தூவானம் அருவியாக விழுந்து, தமிழ்நாட்டு எல்லையில் அமராவதி அணைக்குள் நுழைகிறது. 1957இல் கட்டப்பட்ட இந்த அணையை நம்பித்தான் உடுமலை, தாராபுரம், கரூர் வட்டார வயல்கள் இருக்கின்றன. கடைசியில் கரூருக்குப் பக்கத்தில் திருமுக்கூடலூரில் அமராவதி காவிரியோடு கலக்கிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் முக்கிய ஆறுகள் கபினி, பவானி, பாம்பாறு என்ற மூன்று மட்டுமே. காவிரி நடுவர் மன்றம் 2007இல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி. பாம்பாற்றுப் படுகைக்கு.

அமராவதிப் பாசனத்தில் நெல்லோ கரும்போ போடுகிறவர் ஆனைமுடியைப் பார்த்திராமல் இருக்கலாம். ஆனால் அவர் வயலுக்கு வருகிற தண்ணீரில் ஒரு பங்கு, சோலைக்காட்டு இலைச்சருகுக்கு அடியில் மாதக்கணக்கில் ஊறிக் கசிந்து வந்தது. இந்த மலையைத் தமிழ்நாட்டு விவசாயி ஏன் கவனிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்.

மூணாறில் பனி பெய்கிறது என்று படங்கள் வருகின்றனவே, உண்மையா?

படம் உண்மை, விளக்கம் தவறு. வானத்திலிருந்து விழும் பனிப்பொழிவு அங்கே இல்லை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை விழுவது உறைபனி. புல்லின் மேல் படியும் ஈரம் அப்படியே உறைந்து விடியற்காலையில் வெள்ளை விரிப்பாகத் தெரியும். வெயில் ஏறியதும் காணாமல் போகும்.

இதற்கு மேகமில்லாத இரவு வேண்டும், காற்று அசையாமல் இருக்க வேண்டும். பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, சரிவில் நழுவிப் பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அதனால்தான் உச்சியைவிடப் பள்ளத்தாக்கின் அடியில் குளிர் கடுமையாக இருக்கும். செண்டுவரை, லெட்சுமி, செவன்மலை போன்ற எஸ்டேட்டுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போய்விட்டது என்று ஜனவரி மாதச் செய்திகளில் படிப்பது இதனால்தான். சுற்றுலா வந்தவர்களுக்கு அது கொண்டாட்டம். தோட்டத் தொழிலாளிக்கு அப்படி இல்லை. உறைபனி பட்ட தேயிலைக் கொழுந்து வெயில் ஏறியதும் கருகிவிடும், பறிக்க இலை இருக்காது, வேலை குறையும்.

மற்ற நாட்களில் குளிர் எப்படி இருக்கும்?

ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். கொச்சியில் 30 டிகிரி என்றால் உச்சியில் 12, 13 டிகிரி அளவில் இருக்கும். காற்று அடித்தால் இன்னும் குளிராகத் தெரியும். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இவ்வளவு மழை பெய்தும் மலை ஏன் புல்லாக இருக்கிறது? மரங்களை வெட்டிவிட்டார்களா?

இல்லை. அந்தப் புல்வெளி இயற்கையானது, மிகப் பழமையானது. இரவிகுளத்தில் மேட்டுப்பகுதி எல்லாம் புல்லாகவும், மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் மட்டும் குட்டை மரங்கள் நெருங்கிய சோலையாகவும் இருக்கும். உறைபனியைத் தாங்க முடியாமல் திறந்தவெளியில் முளைக்கும் மரக்கன்றுகள் செத்துவிடுகின்றன. பலத்த காற்று, மெல்லிய மண், கோடைத் தீ ஆகியவையும் சேர்ந்து புல்லைக் காப்பாற்றுகின்றன. நீலகிரியில் இதே வகை நிலத்தின் கரிச்சேற்றுப் படிவுகளை ஆராய்ந்தவர்கள், அங்கே புல்வெளி சுமார் 20,000 ஆண்டுகளாகவே உண்டு என்று காட்டியிருக்கிறார்கள். மனிதன் கோடரி எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே அது இருந்தது.

இதைப் புரிந்துகொள்ளாமல் புல்வெளியைத் தரிசு என்று பதிவு செய்து, அதில் சீகைமரமும் யூகலிப்டஸும் பைனும் நட்டார்கள். நீலகிரியிலும் பழனிமலையிலும் மேட்டுப் புல்வெளியின் பெரும்பகுதி அப்படித்தான் போயிற்று. காடு வளர்ப்பு என்ற நல்ல பெயரில் நடந்த அழிவு அது. சோலையும் புல்வெளியும் அருகருகே பெரிய அளவில் கெடாமல் மிஞ்சியிருப்பது இரவிகுளத்தில்தான். ஆனைமுடியைச் சுற்றியுள்ள 97 சதுர கி.மீ. நிலத்தின் மதிப்பு அதுதான்.

என்னென்ன விலங்குகள் இருக்கின்றன?

யானை, காட்டெருது, கடமான், சிறுத்தை, செந்நாய் எல்லாம் உண்டு. ஆனால் இந்த மலைக்கே உரியது வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. சங்கப் பாடல்களில் வருடை என்று வருவது இதுதான். செங்குத்தான பாறையில் குட்டியோடு இறங்கி வருவதைப் பார்ப்பவர்களுக்கு மூச்சு நின்றுவிடும், அதற்கு அது நடைபாதை. புலியோ செந்நாயோ துரத்தினால் பாறைக்கு ஓடிவிடும், மேய்வதற்குப் புல்வெளிக்கு வரும். இரண்டும் ஒட்டி இருக்க வேண்டும் என்பதால், அது வாழக்கூடிய இடமே உலகத்தில் கொஞ்சம்தான். 2025இல் கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்து எடுத்த கணக்கில் மொத்தம் 2,600க்குச் சற்று மேல். அதில் 800க்கு மேற்பட்டவை இரவிகுளத்தில் மட்டும்.

2010இல் அறிவியலுக்கு அறிமுகமான ஒரு செம்மஞ்சள் நிறப் புதர்த்தவளை ஆனைமுடியின் உச்சிப் பகுதியில் வாழ்கிறது. கையளவுகூட இல்லாத உயிர், புல் தூர்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பூமி சூடாகும்போது கீழே உள்ள உயிரினங்கள் மேலே ஏறிக் குளிர்ச்சியைத் தேடலாம். ஏற்கெனவே உச்சியில் இருக்கிறவற்றுக்கு ஏற இடம் இல்லை. காலநிலை மாற்றத்தால் ஆனைமுடிக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்கள் இந்தத் தவளையிலிருந்து யோசிக்கத் தொடங்கலாம்.

முதலில் உச்சி ஏறியது யார்?

பதிவில் இருக்கும் முதல் ஏற்றம் 1862 மே 4ஆம் தேதி, மதராஸ் ராணுவ அதிகாரி டக்ளஸ் ஹாமில்டனுடையது. அதற்கு முன்பே, 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி அரசுகளை அளந்த வார்டு, கானர் என்ற இரு அதிகாரிகள் இந்த மலைப்பகுதிக்கு வந்திருக்கிறார்கள்.

ஆனால் முதல் மனிதர் ஹாமில்டன் என்று நான் எழுத மாட்டேன். முத்துவர்கள் என்ற பழங்குடியினர் அதற்குத் தலைமுறைகள் முன்பிருந்தே அந்த மலையில் வாழ்கிறார்கள். மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. தமிழோடு நெருங்கிய பேச்சு, ஊரைக் குடி என்பார்கள். தேன் எடுக்கவும் காட்டுப்பாதை தேடவும் அந்தப் பாறைகளில் நடந்தவர்கள் உச்சியை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை. வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டியதும் அவர்கள்தான். அவர்களுக்கு எழுதி வைக்கும் தேவை இருக்கவில்லை, அவ்வளவே. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த இடமலைக்குடி முத்துவர்களின் ஊர்தான்.

தேயிலை எப்போது வந்தது?

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். முதலில் காப்பி, சிங்கோனா எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். 1880இல் ஏ.எச். ஷார்ப் பார்வதி என்ற இடத்தில் தேயிலை நட்டார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தொடங்கிய பிறகு தேயிலைதான் எல்லாம்.

தோட்டத்தைத் திருத்தியவர்களில் மிகப் பெரும்பாலோர் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய தமிழர்கள். இறங்கிய சரக்கும் தமிழ்நாட்டு வழிதான் போயிற்று. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள், 1908இல் அதைக் குறுகிய ரயில்பாதையாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும், அங்கிருந்து போடிநாயக்கனூருக்குப் போகும். இன்று டாப் ஸ்டேஷனில் தேநீர் குடிக்கிறவர்கள் நிற்கும் இடம் ஒரு காலத்தில் உண்மையிலேயே ஸ்டேஷன்.

அந்த ரயில் என்ன ஆயிற்று?

1924 ஜூலை மழையில் போயிற்று. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்கிறார்கள். நாள்கணக்கில் விடாமல் மழை கொட்டி, மலைகள் சரிந்து, மரமும் மண்ணும் அடைத்து நின்ற நீர் உடைத்துக்கொண்டு மூணாறு ஊரையே புரட்டிப் போட்டது. தண்டவாளம், பாலங்கள், நிலையங்கள் எல்லாம் அடித்துச் செல்லப்பட்டன, பிறகு யாரும் திரும்பப் போடவில்லை. மாங்குளம் வழியாக ஆலுவாவுக்கு இருந்த பழைய சாலையும் அப்போதே அழிந்தது. இப்போது நாம் போகிற அடிமாலி, நேரியமங்கலம் சாலை அதற்குப் பின்னால் வந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு துண்டிக்கப்பட்டபோது ஊர்ப் பெரியவர்கள் ஒப்பிட்டுப் பேசியது இந்த 1924ஐத்தான்.

பெட்டிமுடி நிலச்சரிவு இந்த மலையிலா நடந்தது?

ஆமாம், ராஜமலைக்கு அப்பால், இரவிகுளம் பூங்காவை ஒட்டிய தோட்டப் பகுதியில். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, பல நாள் பெருமழைக்குப் பிறகு, மேலே புல்மலையில் தொடங்கிய சரிவு, லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் மேல் வந்து விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். நான்கு பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், பலருக்குப் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். ராஜமலையின் அழகைப் பற்றி எழுதுகிற ஒவ்வொருவரும் இந்த இரவைப் பற்றியும் ஒரு பத்தி எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அத்தனை மழை விழுகிற சரிவின் அடியில், ஓடை ஓரத்தில், பழைய வரிசை வீடுகளில் மனிதர்களைத் தங்கவைத்தது இயற்கையின் முடிவு அல்ல.

தமிழர்கள் இவ்வளவு பேர் இருந்தும் தேவிகுளம் ஏன் கேரளத்தில் இருக்கிறது?

1956 நவம்பர் 1இல் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்தன, இவை வரவில்லை. தோட்டத் தொழிலாளர்களை வந்துபோகிறவர்களாகப் பார்த்ததும், பெரியாற்று நீரும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். எல்லை எங்கே இருந்தாலும் மூணாறுக் கடைத்தெருவில் இன்றும் தமிழிலேயே எல்லா வேலையும் முடித்துவிடலாம்.

தேசியப் பூங்கா எப்படி வந்தது?

தேயிலைக் கம்பெனிக்காரர்கள் இரவிகுளம் மேட்டைத் தங்கள் வேட்டைக்கும் தூண்டிலுக்கும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1928இல் இதற்கென ஒரு சங்கமே அமைத்து, முத்துவர்களைக் காவலுக்கு வைத்தார்கள். நோக்கம் வேட்டை, பலன் பாதுகாப்பு என்று ஆகிவிட்டது. 1971இல் கேரள அரசு சட்டம் போட்டு உபரி நிலத்தைத் திரும்ப எடுத்தது. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. 2012இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இரவிகுளமும் அதில் ஒன்று.

உச்சிக்கு ஏறலாமா?

பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. வனத்துறையின் சிறப்பு அனுமதி இல்லாமல் போக முடியாது. உச்சிப் புல்வெளியில் மிதிபட்ட பாதை ஒன்று விழுந்தால், அடுத்த மழையில் அது ஓடையாகி மண்ணை அரித்துவிடும். எனக்கும் ஏற ஆசைதான், ஆனாலும் இந்தத் தடை நியாயமானது என்றே சொல்வேன். உங்களுக்குத் திறந்திருப்பது ராஜமலை சுற்றுலாப் பகுதி. வண்டியை வாசலில் விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில் ஏற வேண்டும், இறங்கிய இடத்திலிருந்து சாலையில் நடக்கலாம். மேகம் விலகினால் ஆனைமுடியின் பாறைமுகம் எதிரே தெரியும்.

எப்போது போவது நல்லது?

மலை தெளிவாகத் தெரிய நவம்பர் கடைசி முதல் ஜனவரி வரை. காலை முதல் பேருந்தில் போங்கள், பகல் ஏற ஏற மேகம் மூடும். வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் பூங்காவை மூடிவிடுவார்கள். புறப்படும் முன் வனத்துறை அறிவிப்பைப் பார்த்துவிட்டு இணையத்தில் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் மழையைப் பார்க்கவே போகிறேன் என்றால் போகலாம், ஆனால் சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் மலைச்சாலையில் ஏறாதீர்கள். ஆட்டுக்கு எதுவும் கொடுக்காதீர்கள். மனிதர்களைக் கண்டு ஓடாத அளவுக்கு ஏற்கெனவே பழகிவிட்டது.

குறிஞ்சி அடுத்து எப்போது பூக்கும்?

2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை எதிர்பார்க்கலாம். 2018இல் வெள்ளத்தால் பலர் பார்க்க முடியாமல் போயிற்று. நடுவில் மற்ற ஆண்டுகளில் குறிஞ்சி பூத்தது என்று செய்தி வந்தால் அது பொய் என்று எண்ண வேண்டாம். இதே இனத்தில் வேறு வகைகள் உண்டு, அவற்றின் சுழற்சி வேறு. சில திட்டுகளும் முறை மாறிப் பூக்கும். ராஜமலை தவிர, வட்டவடைப் பக்கம் 2006இல் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலைச் சரணாலயத்திலும் பார்க்கலாம்.

பன்னிரண்டு ஆண்டு வளர்ந்த செடி ஒரே முறை பூத்து, விதை உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோகும். 2042இல் பூக்க வேண்டிய செடி அந்த விதையிலிருந்துதான் முளைக்க வேண்டும். அதனால் ஒரு கொத்தைக்கூட ஒடிக்காதீர்கள். தேசியப் பூங்காவுக்குள் அது தண்டனைக்குரிய குற்றமும்கூட.